தேதி இல்லாத செய்தி

கேரளத்தின் விதுராவிலிருந்து போனக்காடு ஏறும் அரசுப் பேருந்தில் வெளியூர் முகம் ஒன்று தெரிந்தால் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பங்களாவா, மலையா?" மலை என்றால் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம், அதற்கு நடை தொடங்கும் இடம் போனக்காடு. பங்களா என்றால் ஜிபி 25, பேய் இருப்பதாகச் சொல்லப்படும் பழைய துரை பங்களா. ஊருக்கே வருகிறேன் என்று நான் சொன்னபோது கேட்டவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஊருல என்ன இருக்கு, பாக்குறதுக்கு?" என்றார் தமிழில். தேயிலை பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வீட்டுக்குள் தமிழும் வெளியே மலையாளமும் பேசுகிறார்கள்.

மலையேறுவதற்கு முன் கைப்பேசியில் போனக்காடு என்று தட்டிப் பார்த்திருந்தேன். காணொலிகள் வந்து குவிந்தன. ஏறத்தாழ எல்லாவற்றின் முகப்பிலும் அதே கட்டடம்: கூரை போன சுவர்கள், மூடுபனி, சன்னலில் சிவப்பு அம்புக்குறி காட்டும் ஏதோ ஒரு நிழல். கதையும் ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரை பங்களா கட்டுகிறார். அவருடைய சிறு மகள் அங்கே இறந்துபோகிறாள். குடும்பம் ஊர் திரும்புகிறது. பிறகு வந்தவர்கள் அந்தச் சிறுமியைக் காண்கிறார்கள். விறகு பொறுக்கப் போன உள்ளூர்ப் பெண் ஒருத்தி திடீரென்று ஆங்கிலம் பேசுகிறாள். நான் பார்த்த எந்தக் காணொலியிலும் அந்தத் துரைக்குப் பெயர் இல்லை. சிறுமியின் வயதும் சாவின் காரணமும் ஆளுக்கு ஆள் மாறின. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அந்தப் பங்களாவுக்குப் போகும் வழியில்தான் தொழிற்சாலை நிற்கிறது. கொழுந்து உலர்த்தும் மாடிகளின் சன்னல்களில் கண்ணாடி இல்லை. இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. அதற்கும் அப்பால் லயங்கள், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஓர் அறை, ஓர் அடுக்களை வீடுகள். கூரைத் தகரம் ஓட்டையான இடங்களில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். சுவரில் வேர் இறங்கியிருக்கிறது. தோட்டம் படுத்துவிட்டது. தொழிலாளர்களுக்குச் சம்பளப் பாக்கியும் சர்வீஸ் காசும் வராமல் ஆண்டுகள் போயின. பெரும்பாலான இளையவர்கள் நெடுமங்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலை தேடி இறங்கிவிட்டார்கள். இவ்வளவும் பங்களாக் காணொலிகளில் இருக்கிறது, பின்னணிக் காட்சியாக. பேய்க்கதைக்கு ஏற்ற பாழடைந்த ஊர் என்ற அளவில்.

தோட்டம் எப்போது மூடியது என்று லயத்தில் ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பதில்கள் கிடைத்தன. ஒருவருக்கு மாதச் சம்பளம் முதன்முதலாகத் தள்ளிப்போன மாதம்தான் மூடிய நாள். இன்னொருவருக்கு மஸ்டருக்குப் போய் நின்றும் பெயர் கூப்பிடாத காலை. ஒரு பெண் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து நின்றதைச் சொன்னார். மற்றொருவருக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதாமல் போனது. ஐந்தாமவர், "மூடலைங்க, சும்மா கெடக்கு" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. நடந்தது ஒரு நாளில் நடக்கவில்லை. பத்து இருபது ஆண்டுகளாக நடந்தது. ஆகவே இதைச் செய்தியாக்க வேண்டும் என்று ஒரு நிருபர் உண்மையாகவே விரும்பினாலும், 'இன்று' என்று தொடங்க அவருக்கு ஒரு நாள் கிடைக்காது.

1965இல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங்கும் மாரி ஹோல்ம்போ ரூகேயும் இதைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டு நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பார்த்து, எது செய்தியாகிறது, எது ஆவதில்லை என்பதற்குச் சில காரணங்களை வகுத்தார்கள். முதற்காரணம் தாளம். ஒரு நிகழ்ச்சி நடந்து முடிய எடுக்கும் காலமும் ஓர் ஊடகம் வெளிவரும் இடைவெளியும் ஒத்துப்போனால் அது செய்தியாகும், ஒத்துப்போகாவிட்டால் ஆகாது. அணை கட்டப்படுவது செய்தியாகாது, திறப்பு விழா செய்தியாகும் என்பது அவர்களே காட்டும் எடுத்துக்காட்டு. போனக்காட்டுக்குக் கீழே கரமனை ஆற்றின் குறுக்கே பேப்பாறை அணை இருக்கிறது. திருவனந்தபுரம் நகரம் குடிப்பது அதன் தண்ணீரை. இந்தப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழைதான் அங்கே போய்ச் சேர்கிறது. திறப்பு விழா பற்றிய அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பேப்பாறை அணைதான் நினைவுக்கு வந்தது.

கால்டுங் எழுதியபோது தாளம் என்பது ஒரு நாள். இன்று அது ஒரு நிமிடம், சில வேளை அதற்கும் குறைவு. உடனடிச் செய்தி பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பொய், பரபரப்பு, கவனச் சிதறல் ஆகியவற்றையே குறை சொல்கிறோம். அவை இருக்கின்றன. ஆனால் எல்லாச் செய்தியும் உண்மையாக, நிதானமான குரலில் வந்தாலும் நிமிடத் தாளம் தன் வேலையைச் செய்யும். ஒரு நிமிடத்தில் அடங்குவதே அதன் கண்ணில் நிகழ்ச்சி. பங்களாவின் நிழல் ஒரு நிமிடத்தில் அடங்கும், ஒவ்வொரு முறையும் முழுமையாக. தோட்டத்தின் சாவு அடங்காது.

நாள் என்ற தாளத்தில் இருந்தபோது மக்கள் ஒரு நிகழ்ச்சியை எப்படித் தொடர்ந்தார்கள் என்பதை என் தலைமுறையும் அதற்கு முந்தைய தலைமுறையும் நன்றாக அறியும். காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டால் வீட்டில் பேச்சு நிற்கும். செய்தி முடிந்ததும் பேச்சு தொடங்கும்; அடுத்த செய்தி வரும்வரை நடக்கும். அந்த இடைவெளி வெறுமையாக இருக்கவில்லை. நேற்று சொன்னதையும் இன்று சொன்னதையும் சேர்த்துப் பார்க்க, தெரிந்தவரிடம் கேட்க, மறுக்க, நாளை என்ன சொல்வார்கள் என்று ஊகிக்க அதில் இடம் இருந்தது. பின்தொடர்தல் என்பது உண்மையில் அந்த இடைவெளியில் நடந்த வேலை.

திருவனந்தபுரத்தில் தமிழ்ச் செய்தித்தாளுக்கு இருந்த இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தினமலர் தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான், 1951 செப்டம்பரில், டி. வி. ராமசுப்பையரால். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் அதன் முதற்கவலை. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் இணைந்தது. அடுத்த ஆண்டு பத்திரிகையும் திருநெல்வேலிக்குப் போனது. ஐந்து ஆண்டுக் கதை ஒன்றை ஒரு நாளிதழ் நாள்தோறும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே இங்கே நான் சொல்ல வருவது. எல்லை எங்கே விழும் என்பது ஒரு நாள் செய்தியாக இருந்திருந்தால், கேரளத்தோடு நின்றுபோன தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது.

தேவிகுளம் என்றதும் பெட்டிமுடியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தரை மணிக்கு மேல். மூணாறு ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு தோட்டத்தின் பெட்டிமுடிப் பிரிவு. ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. மேலே மலை உடைந்து நான்கு லயங்கள் மீது இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரம் இல்லாமல் கைப்பேசிக் கோபுரம் செத்துக் கிடந்தது. பெரியவரையில் தற்காலிகப் பாலம் அடித்துப் போயிருந்தது. பொழுது விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் சேதி போனது. மண்ணுக்கு அடியில் உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த இரவு என்ன என்று நினைக்கும்போது, வேகமான செய்தியைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. 2024 ஜூலை 30 நள்ளிரவுக்குப் பின் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது அங்கிருந்தவர்கள் கைப்பேசியில் அழைத்தார்கள். விடிவதற்கு முன்பே நாடு அறிந்தது. அழிவு பெட்டிமுடியைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் சேதி சேராத குறை இல்லை.

ஆகவே அபாயச் சங்கு எவ்வளவு வேகமாக ஊதினாலும் நல்லது. சங்கு ஊதிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் கேள்வி.

பெட்டிமுடி செய்தி நாடெங்கும் பரவியது 7ஆம் தேதி பகலில். அன்று மாலை 7.40 மணிக்கு, அதே மழையில், துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோடு கரிப்பூரில் ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் ஒரே நொடியில் அங்கே திரும்பின. மறுநாளே முதல்வர் கரிப்பூரில் இருந்தார். அவரும் ஆளுநரும் பெட்டிமுடிக்கு வந்தது 13ஆம் தேதி. கரிப்பூரில் இறந்தவர் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய்; பெட்டிமுடிக்கு 5 லட்சம். அது முதற்கட்ட உதவிதான் என்று அரசு விளக்கியது. மழை, சாலை, பாலம் எல்லாம் காரணங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் தேயிலைத் தோட்டங்களில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்க உயிர் பாதி விலையா?

தாமஸ் ஐசென்சேயும் டேவிட் ஸ்ட்ரோம்பெரியும் 2007இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். 1968க்கும் 2002க்கும் இடையில் உலகெங்கும் நடந்த ஏறத்தாழ 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கா எதற்கு உதவி அனுப்பியது, எதற்கு அனுப்பவில்லை என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் போட்டி போன்ற பெரிய செய்தி ஒன்று திரையை நிறைத்திருந்த நாட்களில் நடந்த பேரிடர் செய்தியில் இடம்பெறும் வாய்ப்பும் உதவி பெறும் வாய்ப்பும் குறைந்தன. செத்தவர் எண்ணிக்கை, பட்டினி, வீடிழப்பு எதுவும் மாறவில்லை. வேறெங்கோ நடந்த விளையாட்டு மட்டும் மாறியது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்க ஏறத்தாழ 40,000 பேர் சாக வேண்டும். எரிமலை ஒரு கணத்தில் வெடிக்கிறது. பஞ்சம் மெல்ல வருகிறது.

அமர்த்திய சென் இதையே இந்தியாவை வைத்துப் பலமுறை எழுதியிருக்கிறார். சுதந்திரமான பத்திரிகைகள் இருக்கும் நாட்டில் பெரும்பஞ்சம் நடக்க விடுவது அரசுக்குக் கடினம். ஆனால் அதே பத்திரிகைகள் அன்றாட அரைப்பட்டினியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்றார். அவர் எழுதியது அச்சுத்தாளின் காலத்தில். இன்றைய வேகத்தில் அந்த இடைவெளி இன்னும் விரிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பெட்டிமுடி அதன் பிறகு நம் கைப்பேசிக்கு ஒரு முறை திரும்பி வந்தது, ஒரு நாயின் வழியாக. குவி என்ற அந்த நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடலை ஒரு வாரத்துக்கு மேல் தேடிக் கண்டுபிடித்தது. படம் பார்த்து நானும் அழுதேன். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் குற்றியாறு பள்ளத்தாக்கில் 8 குடும்பங்களுக்கு வீட்டுச் சாவி கொடுத்தார்கள் என்பதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? குவியை நினைவு வைத்திருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் ஒருவரும் பெட்டிமுடியைப் பின்தொடரவில்லை. பெட்டிமுடி எங்களிடம் வந்தபோதெல்லாம் பார்த்தோம். வராதபோது அது இல்லை.

இது சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நாளிதழில் மாவட்டப் பக்கம் என்று ஒன்று உண்டு. கேரளத்தில் ஊருக்கு ஊர் பிராதேசிக லேககன் ஒருவர் இருப்பார். தமிழ்நாட்டில் நாம் பகுதி நேர நிருபர் என்போம். பஸ் வராதது, ரேஷன் கடை திறக்காதது, லயத்துக் கூரை விழுந்தது என்று அவர் எழுதும் நான்கு வரி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்த மாவட்டத்தில் எல்லார் வீட்டு வாசலிலும் விழும். படிக்காமல் புரட்டினாலும் கண்ணில் படும். போனக்காட்டு லயங்களின் நிலை பற்றி வந்த நேர்மையான செய்திகளில் பெரும்பங்கு அப்படி வந்தவைதான். கைப்பேசியின் செய்தி ஓடையில் மாவட்டப் பக்கம் இல்லை. நான் எதில் விரல் நிறுத்தினேனோ அது மேலும் வரும். பங்களாவில் நிறுத்தினேன், பங்களா வந்தது.

பங்களாக் கதை போன்ற பொய் ஏன் வேகமாகப் பரவுகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2018 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் அரல் மூவரும் எழுதியது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளைச் சோதித்தார்கள். பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்கள். பொய்யில் புதுமை இருக்கிறது, அதுதான் காரணம் என்றார்கள். ஆங்கிலம் பேசும் விறகுப் பெண்ணில் இருக்கும் புதுமை, வராத சம்பளத்தில் எங்கே இருக்கிறது? போன மாதமும் வரவில்லை, இந்த மாதமும் வரவில்லை.

போனக்காட்டுக்கு உண்மைச் செய்தியின் கேமராக்கள் வராமலும் இல்லை. 2018 ஜனவரியில் குருசுமலையில் சிலுவை வைப்பது பற்றிய விவகாரத்தில் காவல்துறைக்கும் வழிபட வந்தவர்களுக்கும் மோதல் நடந்தபோது வந்தன. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அகத்தியர்கூடத்தில் பெண்கள் ஏறத் தடையில்லை என்று தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் கே. தன்யா சனல் மலையேறியபோது நிறையவே வந்தன. அது பெரிய செய்திதான், வந்திருக்க வேண்டிய செய்திதான். மலையையே தெய்வமாகக் கும்பிடும் காணிக்காரப் பழங்குடியினரின் எதிர்ப்புக் குரலும் அதில் பதிவானது. ஆனால் அந்த வண்டிகள் ஏறிவந்த பாதை இந்தத் தோட்டத்தின் நடுவேதான் போகிறது. லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டிகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் மாஞ்சோலை. அங்கே தோட்டத் தொழிலாளர் கதைக்கு ஒரு தேதி உண்டு: 1999 ஜூலை 23. கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்க, 17 பேர் இறந்தார்கள். ஆர். ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். 2024இல் அந்தத் தோட்டமும் மூடும் நிலைக்கு வந்து தொழிலாளர்களை இறங்கச் சொன்னபோது தமிழ்நாட்டில் ஓரளவு பேச்சு எழுந்தது. பழைய தேதி ஒன்று நினைவில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். போனக்காட்டுக்கு அப்படியொரு நாள் இல்லை. அதற்காக யாரும் வருந்த முடியாது. ஒரு தோட்டம் கண்ணில் படுவதற்கு 17 பேர் சாக வேண்டுமா என்ன.

லயத்து மக்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவை ஓர் இளைஞர் எனக்குக் காட்டினார். முதல் பஸ் வரவில்லை. பாதையில் ஆனை நிக்குது, யாரும் நடந்து வராதீங்க. ரேஷன் அரிசி வந்தாச்சு. இன்னாருக்குக் காய்ச்சல், ஜீப் யாரிடம் இருக்கு? இவ்வளவு பயனுள்ள உடனடிச் செய்தியை நான் எந்த ஊடகத்திலும் படித்ததில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே ஒரு மேடுதான் தூரம்; ஆனை போய்விட்டால் போய்விட்டது என்று அடுத்த வரி வந்துவிடுகிறது. தொடங்கிய செய்தி அங்கே முடிகிறது. சம்பளப் பாக்கி பற்றி அந்தக் குழுவில் ஒன்றும் காணோம். கேட்டேன். "அதுல புதுசா போட என்ன இருக்கு?" என்றார் அவர்.

லயத்தில் சர்வீஸ் காசு என்று சொல்லும் பணிக்கொடைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த கணக்கு எளிது. ஓர் ஆண்டுச் சேவைக்கு 15 நாள் கூலி. வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 450 நாள் கூலி. அந்த 30 நாள் கெடு முடியும்போது ஒரு நிகழ்ச்சி உண்மையில் நடக்கத்தான் செய்கிறது: ஒரு சட்டம் மீறப்படுகிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது தனித்தனி நாளில் நடக்கிறது. நாற்பது பேருக்கு நாற்பது நாட்கள். எந்த நாளிலும் திரண்ட கூட்டம் இல்லை, சத்தம் இல்லை.

கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு மூதாட்டி என்னை லயத்துக்குள் கூப்பிட்டார். சர்க்கரை குறைவான கட்டன்சாயா கொடுத்தார். அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மழைத் தண்ணீர் இறங்காத இடம் வீட்டில் அது ஒன்றுதானாம். உள்ளே பி.எஃப். சீட்டுகள், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு தாள். அந்தத் தாளை மட்டும் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது இங்கிலீசுல இருக்கு. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுறேன். பங்களாவுக்குப் போற அவசரத்துல யாரும் முழுசா படிக்க மாட்டேங்குறாங்க. நீ மெதுவா படிச்சுச் சொல்லு, என்ன தேதி போட்டிருக்கு?"

மடிப்பில் மை அழிந்திருந்தது. நாளும் மாதமும் தெரிந்தன. ஆண்டின் கடைசி எண் தெரியவில்லை. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், இருவரும்.